ஏஏ ஏற்றியும் மூழ்கிய கப்பல்கள்: தென்சீனக் கடலில் ஒரு கூட்டாட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆட்டம் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, இரண்டாம் உலகப் போரை வைத்த கணினி உத்தி ஆட்டம். 2019 பிப்ரவரியில் வந்த மேன் த கன்ஸ் விரிவாக்கத்தோடு ஆடியது. கப்பலைப் பகுதி பகுதியாக நாமே வடிவமைக்கும் வசதி அதில்தான் வந்தது. 1936 தொடக்கம். பிரிட்டனை மூன்று பேர் கூட்டாக ஆடினார்கள். ஒருவர் தரைப்படை, ஒருவர் கடற்படை, ஒருவர் விமானப்படை. எதிரே ஜப்பானை ஆடியவரும் மனிதர்தான், கணினி அல்ல. யார் பெயரும் இங்கே தேவையில்லை. அவரவர் பொறுப்பை வைத்தே குறிப்பிடுகிறோம்.

கடற்படைக்காரர் போருக்கு முன் எடுத்த இரண்டு முடிவுகள் பின்னால் வேலை காட்டின. முதலாவது, பழைய போர்க்கப்பல்களில் கைவைக்கவில்லை. குயின் எலிசபெத் வகுப்பு போன்றவை ஆட்டத்தின் தொடக்கத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே 1941 வரை ஓடின. இரண்டாவது, 1938-ல் ஒரு மலிவு டெஸ்ட்ராயர் (நாசகாரிக் கப்பல்) வரைந்தார். எண்ணிக்கை சீக்கிரம் கூட வேண்டும் என்று அதன் விமான எதிர்ப்புப் பீரங்கி (ஏஏ) இடத்தைக் காலியாக விட்டார். ரோந்துக்கு மட்டும்தானே, ஏஏ எதற்கு என்பது அப்போதைய கணக்கு.

இதோடு ஒரு கவனக்குறைவும் உண்டு. கப்பலில் பொருத்தும் ஏஏ, கடற்படை ஆராய்ச்சித் தாவலில் இல்லை. பீரங்கித் தாவலில் தரைப்படைக்கான விமான எதிர்ப்புத் தொழில்நுட்பம் இருக்கிறதே, அதை ஆராய்ந்தால்தான் கப்பலுக்கான அடுத்த நிலையும் திறக்கும். அந்தத் தாவல் தரைப்படைக்காரர் கையில் இருந்தது. அவர் தன் டிவிஷன்களுக்கு ஏஏ வேண்டாம் என்று அதைத் தள்ளிப் போட்டார். கடற்படைக்காரர் கேட்கவும் இல்லை. 1941 முடியும்போது பிரிட்டன் கையில் இருந்தது முதல் நிலை ஏஏ மட்டுமே.

1941 டிசம்பர்: முதல் அடி

ஜப்பான் போர் அறிவித்ததும் சிங்கப்பூரிலிருந்து ஒரு டாஸ்க் ஃபோர்ஸ் (கப்பல் குழு) தென்சீனக் கடலுக்குப் போனது. இரண்டு போர்க்கப்பல், ஒரு லைட் குரூசர், ஆறு டெஸ்ட்ராயர். ஒரு கேபிடல் கப்பலுக்கு (போர்க்கப்பல் போன்ற பெரிய கப்பல்) மூன்று ஸ்க்ரீன் (அதைச் சூழ்ந்து காக்கும் சிறிய கப்பல்) வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. லைட் குரூசரும் ஸ்க்ரீன் கணக்கில் வரும். ஆறு போதும், ஏழு இருந்தது. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜப்பான் ஆட்டக்காரர் இந்தோசீனாவின் தளங்களில் நேவல் பாம்பர்களை (கப்பலைத் தாக்கும் விமானங்கள்) அடுக்கி, நேவல் ஸ்ட்ரைக் (கப்பல் மேல் தாக்குதல்) பணி கொடுத்திருந்தார். அந்தக் கடல் மண்டலத்தில் பிரிட்டனின் ஃபைட்டர் (எதிரி விமானத்தைத் தடுக்கும் விமானம்) ஒன்றுகூட இல்லை. சில நாட்களில் ஒரு போர்க்கப்பல் மூழ்கியது. இன்னொன்று பாதி உயிரோடு சிங்கப்பூர் திரும்பியது.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே 1941 டிசம்பர் 10 நினைவுக்கு வரும். மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் பிரிட்டனின் பெரிய கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் ஜப்பானிய விமானத் தாக்குதலில் சில மணி நேரத்தில் போயின. 840 பேர் இறந்தார்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் 5.25 அங்குலப் பீரங்கி 16 இருந்தன. ஒரு டார்பிடோ சுழலித் தண்டைக் குலைத்ததில் வெள்ளம் ஏறி மின்சாரம் போக, பின்பகுதிப் பீரங்கிகள் முடங்கின. ஃபைட்டர்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆட்டத்தில் இருந்த மூவருக்கும் இந்தக் கதை தெரியும். தெரிந்தும் அனுப்பினார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பதிவில் கண்டவை

அன்றிரவே மூவரும் போர் அறிக்கையைத் திறந்து பார்த்தார்கள். போர்க்கப்பல் ஒவ்வொன்றின் ஏஏ மதிப்பு 4. குரூசருக்கு 2. டெஸ்ட்ராயர்களுக்குத் தலா 1. படை முழுதும் கூட்டினால் 16. சுட்டு வீழ்த்திய விமானங்கள் மிகச் சில.

இதைப் பார்த்ததும் கடற்படைக்காரருக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஏஏ போதவில்லை. விமானப்படைக்காரர் சொன்னது வேறு: ஏஏ எவ்வளவு இருந்தாலும் மேலே நம் விமானம் இல்லாமல் அந்த மண்டலத்தில் நிற்க முடியாது. ஆனால் அவரே தன் ஃபைட்டர்களைத் தரவும் தயாராக இல்லை. எல்லாம் எகிப்திலும் பிரிட்டன் வானிலும் மாட்டிக்கொண்டிருந்தன. "மூணு மாசம் பொறுடா, ஆப்பிரிக்கா முடியட்டும்" என்று அவர் சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது.

இன்னொரு தடயமும் பதிவிலேயே இருந்தது. ரோந்தில் தனித்தனியாகச் சுற்றிய மலிவு டெஸ்ட்ராயர்கள் ஜப்பானோடு போர் தொடங்கியது முதலே ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெரிய கப்பல் மூழ்கிய பதற்றத்தில் அந்த வரிகளை யாரும் வாசிக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஃபைட்டர் வராது என்பது உறுதியானதும், கப்பலையே விமான எதிர்ப்புக் கோட்டையாக்குவது என்று முடிவானது. முதலில் பீரங்கித் தாவலில் விமான எதிர்ப்பு ஆராய்ச்சியை முன்னுக்குத் தள்ளினார்கள். இது சரியான முடிவு, தாமதமானது மட்டுமே குறை.

அடுத்து ரீஃபிட், அதாவது இருக்கும் கப்பலில் பாகங்களை மாற்றுவது. தப்பிய போர்க்கப்பலுக்கும், மத்தியதரைக் கடலிலிருந்து வரவழைத்த இன்னொன்றுக்கும் புதிய வடிவமைப்பு வரைந்தார்கள். நிலையான ஏஏ இடத்தில் புதிய நிலை, சாதாரணத் துணைப் பீரங்கிக்குப் பதிலாக இருவழிப் பீரங்கி, விருப்ப இடமொன்றில் கூடுதல் ஏஏ. இருவழிப் பீரங்கி கப்பலையும் சுடும், விமானத்தையும் சுடும். எஞ்சினையும் கவசத்தையும் தொடவில்லை. இங்கே கடற்படைக்காரரைப் பாராட்ட வேண்டும்: ரீஃபிட் செலவில் மூச்சை முட்ட வைப்பவை அவை இரண்டும்தான். ஏஏ மாற்றுவது அவற்றின் முன்னால் சில்லறைச் செலவு. கப்பலின் உடல் எந்த ஆண்டுடையதோ அது ரீஃபிட்டில் மாறாது. பழைய உடலில் எத்தனை இடம் உண்டோ அத்தனைதான். கேபிடல் கப்பல் ஒன்றுக்கு ஐந்து டாக்யார்டுக்கு (கப்பல் கட்டும் தளம்) மேல் ஒதுக்கவும் முடியாது. ஆகவே எவ்வளவு அவசரப்பட்டாலும் மாதங்கள் போகும், அதுவரை கப்பல் படையில் இருக்காது.

மூன்றாவது முடிவில்தான் சறுக்கல். ஏஏ குரூசர் என்று ஒரு புதிய வடிவமைப்பு வரைந்தார்கள். லைட் குரூசர் பீரங்கி ஒன்றே ஒன்று, மற்ற விருப்ப இடங்கள் அத்தனையிலும் ஏஏ. டார்பிடோ இல்லை. இப்படி மூன்று கப்பல். ஒவ்வொன்றின் ஏஏ மதிப்பும் 12. நிஜத்திலும் அமெரிக்காவின் அட்லாண்டா வகுப்பு 5 அங்குல இருவழிப் பீரங்கிகள் 16 கொண்டு கட்டப்பட்டதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். ஆனால் அட்லாண்டாவில் டார்பிடோக் குழாய்களும் இருந்தன, அந்தப் பதினாறும் கப்பலையும் சுட்டன. அந்த வேறுபாடு பேச்சில் வரவில்லை.

1942 செப்டம்பர்: இரண்டாவது அடி

ரீஃபிட் முடிந்த படை மறுபடி அதே கடலுக்குப் போனது. இரண்டு போர்க்கப்பல் தலா 12, மூன்று ஏஏ குரூசர் தலா 12, ஆறு டெஸ்ட்ராயர் தலா 2. கூட்டினால் 72. முன்பிருந்த 16-ஐப் பார்த்தால் நாலரை மடங்கு.

விமானத் தாக்குதல் வந்தது. வீழ்ந்த ஜப்பானிய விமானங்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. ஆனால் போர்க்கப்பல்களின் உயிர்மட்டம் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே இறங்கியது. இதைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானின் கப்பல் படை வந்து சேர்ந்தது.

அங்கேதான் ஏஏ குரூசரின் வண்டவாளம் வெளிப்பட்டது. எதிரியின் டெஸ்ட்ராயர்களை அடிப்பது ஸ்க்ரீன் கப்பல்களின் லைட் தாக்குதல், அதாவது சிறு பீரங்கிச் சூடு. மூன்று குரூசருக்கும் சேர்த்து லைட் பீரங்கி மூன்றுதான். ஜப்பானிய டெஸ்ட்ராயர்கள் சேதமில்லாமல் சுட்டுக்கொண்டே இருந்தன; பிரிட்டனின் ஸ்க்ரீன் ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. இரண்டு கேபிடல் கப்பலுக்கு ஆறு வேண்டும். ஸ்க்ரீன் முழுதாக இருக்கும்வரை டார்பிடோ கேபிடல் கப்பலை எட்டாது. வேலியில் ஓட்டை விழுந்ததும் எட்டும். இந்த ஆட்டத்தில் டார்பிடோ நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பாயும். அடுத்த பாய்ச்சலிலேயே ஒரு போர்க்கப்பல் போனது. விமானத்தைத் தடுக்கக் கட்டிய படை, கடல்மேல் வந்த டார்பிடோவில் கப்பலை இழந்தது.

கணக்கைப் பிரித்துப் பார்த்தது

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஒருவர் ஆட்டத்தின் உள் எண்களை வைத்திருக்கும் டிஃபைன்ஸ் கோப்பைத் திறந்தார். செய்திருக்க வேண்டியது 1936-ல். அதில் இருக்கும் சூத்திரம் இப்படி: கப்பலின் சொந்த ஏஏ, அதோடு படையின் மொத்த ஏஏயில் கால் பங்கு. இந்தக் கூட்டுத்தொகைக்கு ஐந்தாம் படிமூலம் (ஐந்து 2-களைப் பெருக்கினால் 32, ஆக 32-க்கு 2) எடுத்து 0.15-ஆல் பெருக்கினால், வரும் விமானச் சேதத்தில் எவ்வளவு குறையும் என்பது கிடைக்கும். உச்சவரம்பு 50 சதவீதம். ஆட்டத்தின் புதுப்பிப்புகளில் இந்த எண்கள் மாறலாம், ஆடும் பதிப்பின் கோப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படிமூலம் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டுத்தொகை 1 என்றால் 15 சதவீதம் குறையும். 10 என்றால் 23.8. 32-க்கு 30. 100-க்கு 37.7. 243-க்கு 45. உச்சமான 50-ஐத் தொட 412 வேண்டும். முதல் ஒரு புள்ளி தரும் பலனை இன்னொருமுறை பெற, அதாவது 15-ஐ 30 ஆக்க, 31 புள்ளி சேர்க்க வேண்டும்.

இதில் அந்த இரண்டு படைகளையும் போட்டுப் பார்த்தார்கள். 1941-ல் போர்க்கப்பலின் சொந்த 4, மொத்தம் 16-இல் கால் பங்கு 4, ஆக 8. குறையும் சேதம் 22.7 சதவீதம். 1942-ல் சொந்த 12, மொத்தம் 72-இல் கால் பங்கு 18, ஆக 30. குறைவது 29.6. நூறு சேதம் வந்தால் முன்பு 77 உள்ளே போனது, இப்போது 70. ஒன்பது மாத உழைப்பும் டாக்யார்டும் செய்த வித்தியாசம் இவ்வளவே.

ஏஏ குரூசரின் கணக்கு இன்னும் மோசம். அந்த மூன்றுக்கும் பதிலாக, நிலையான ஏஏ இடத்தை மட்டும் நிரப்பிய சாதாரண லைட் குரூசர்கள், தலா 4 மதிப்போடு இருந்திருந்தால் மொத்தம் 48. போர்க்கப்பலுக்கு 12 கூட்டல் 12, ஆக 24. குறைவது 28.3 சதவீதம். மூன்று கப்பலின் பீரங்கிகளையும் டார்பிடோக்களையும் பிடுங்கிப் போட்டுப் பெற்றது 1.3 சதவீதப் புள்ளி.

ஜப்பான் ஆட்டக்காரரிடம் ஆட்டம் முடிந்தபின் கேட்டபோது, எதிரிக் கப்பலின் ஏஏ கூடியதை அவர் கவனிக்கவே இல்லை என்றார். அவர் இடையில் செய்தது, பாம்பர் படையைக் கொஞ்சம் பெருக்கியது. கணக்குப்படி 77-க்கும் 70-க்கும் உள்ள இடைவெளியை அடைக்க, நூறு விமானம் அனுப்பிய இடத்தில் நூற்றுப்பத்து அனுப்பினால் போதும்.

விமானத்தைச் சுட்டு வீழ்த்துவது தனிக் கணக்கு, இந்தச் சூத்திரம் அதற்குப் பொருந்தாது. அங்கே கூடுதல் ஏஏக்குப் பலன் இருந்தது, இழப்புப் பட்டியலிலேயே தெரிந்தது. ஆனால் விமானத் தொழிற்சாலை நன்றாக ஓடும் எதிரி அதை ஈடுகட்டிவிடுவார். மூழ்கிய போர்க்கப்பலை ஈடுகட்ட வருடங்கள் வேண்டும்.

காணாமல் போன ரோந்து டெஸ்ட்ராயர்களின் காரணமும் இதே சூத்திரத்தில் கிடைத்தது. தனியாகச் சுற்றும் கப்பலுக்கு மற்றக் கப்பல்களிடமிருந்து கால் பங்கு என்று எதுவும் வராது. ஏஏ பூஜ்யம் என்றால் பாதுகாப்பும் பூஜ்யம். ஒரே ஒரு புள்ளி போட்டிருந்தால், அதன் சொந்தக் கால் பங்கும் சேர்ந்து, 15 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். ஏஏ எங்கே மிகவும் மலிவாகப் பலன் தருமோ அங்கேதான் அதை மிச்சம் பிடித்திருந்தார்கள். எங்கே பலன் தேய்ந்துவிட்டதோ அங்கே கொட்டினார்கள்.

மாற்றிய வடிவமைப்பு

1942 இறுதியில் மூன்று வடிவமைப்புகளையும் மறுபடி வரைந்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் கடற்படை அனுபவப் புள்ளிகளைத் தின்னும் என்பதால், ஒரு மாதம் பயிற்சி ஓட்டி, எரிபொருள் செலவழித்துப் புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது.

போர்க்கப்பலில் நிலையான ஏஏயும் இருவழித் துணைப் பீரங்கியும் அப்படியே இருந்தன. சொந்த ஏஏ முழு மதிப்பில் கணக்காகும், பக்கத்துக் கப்பலுடையது கால் மதிப்பில்தான்; ஆகவே எதை மூழ்கவிடக் கூடாதோ அதன்மேலேயே ஏற்றுவது நியாயம். குரூசரில் நிலையான இடத்தில் மட்டும் ஏஏ, மற்ற இடங்களில் லைட் குரூசர் பீரங்கி. டெஸ்ட்ராயரில் ஏஏ இடம் காலியாக இருக்கக் கூடாது என்பது விதியானது, எவ்வளவு மலிவு வடிவமைப்பானாலும் சரி. மூன்று ஏஏ குரூசர்களில் மிஞ்சிய ஒன்று ரீஃபிட்டுக்குப் போனது.

அதைவிட முக்கியமான மாற்றம் கப்பலில் இல்லை. ஆப்பிரிக்கா முடிந்ததும் விமானப்படைக்காரர் 300 ஃபைட்டர்களை மலாயாவுக்கு அனுப்பினார். முதல் வாரம் பலன் பாதிகூட இல்லை. காரணம் இரண்டு. விமானத் தளத்தின் ஒவ்வொரு நிலையும் 200 விமானம்தான் தாங்கும். அங்கே ஏற்கெனவே பாம்பர்கள் நின்றதால் நெரிசல். அடுத்தது தூரம்: மலாயாவிலிருந்து தென்சீனக் கடல் மண்டலம் முழுதும் எட்டவில்லை, எட்டாத பங்குக்கு ஏற்பப் பணித் திறன் குறைந்தது. தளத்தை ஒரு நிலை உயர்த்தி, பாம்பர்களை நகர்த்தி, தொலைதூரம் போகும் ஹெவி ஃபைட்டர்களைக் கலந்த பிறகே நிலைமை மாறியது.

கப்பல்களின் பணியையும் மாற்றினார்கள். பெரிய கப்பல்கள் ஸ்ட்ரைக் ஃபோர்ஸ் பணியில் துறைமுகத்தில் காத்திருந்தன. ரோந்து எதையாவது கண்டால்தான் வெளியேறின. நாள் முழுக்கக் கடலில் நின்று பாம்பர்களுக்கு இலக்காவது இதோடு நின்றது.

அதன்பின் நடந்தது

அடுத்த சில மாதங்களில் ஜப்பானிய நேவல் பாம்பர்களின் இழப்பு கப்பல்களின் ஏஏயால் ஆனதைவிட ஃபைட்டர்களால் பல மடங்கு கூடியது. ஒரு போர்க்கப்பல் அடிபட்டுப் பழுதுக்குப் போனதே தவிர மூழ்கவில்லை. ஒரு கடற்சண்டையில் புதிய குரூசர்கள் ஜப்பானிய ஸ்க்ரீனை உடைத்தன; டார்பிடோ ஒன்றும் போர்க்கப்பலைத் தொடவில்லை. ரோந்து டெஸ்ட்ராயர்களின் இழப்பு நிற்கவில்லை, குறைந்தது.

இதெல்லாம் இருந்தும் 1943-ல் சிங்கப்பூர் விழுந்தது, தரைவழியாக. விமானத் தளம் போனதும் ஃபைட்டர்களும் போயின. அன்றைக்கே கடற்படைக்காரர் தென்சீனக் கடலைத் தவிர்க்கும் மண்டலமாகக் குறித்துவிட்டு, படையைத் திருகோணமலைக்கு இழுத்தார். 1941-ல் செய்யாததை இம்முறை யாரும் சொல்லாமலே செய்தார். இலங்கையில் முதலில் ஃபைட்டர்களுக்கு இடம் பார்த்தார்கள், கப்பல் பிறகு வந்தது. நிஜ வரலாற்றில் 1942 ஏப்ரல் 5 அன்று இலங்கைக்குத் தெற்கே பிரிட்டிஷ் குரூசர்களான டோர்செட்ஷயரும் கார்ன்வாலும், 9-ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸும் மேலே விமானமில்லாமல் மூழ்கிய கடல் அது. ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல், அன்று அதன் தளத்தில் விமானமே இல்லை.

மறுபடி ஆடினால்

1936-லேயே ஆராய்ச்சிப் பட்டியலைத் தரைப்படைக்காரரும் கடற்படைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து போடுவார்கள். பீரங்கித் தாவலின் விமான எதிர்ப்பு வரிசை 1939-க்குள் ஒரு நிலையாவது உயர்ந்திருக்கும். போர்க்கப்பல்களின் ஏஏ ரீஃபிட் அமைதிக் காலத்திலேயே, இரண்டிரண்டாகச் சுழற்சியில் முடியும். கடலுக்கு அனுப்புமுன் அந்த மண்டலத்தின் விமான ஆதிக்கத்தைப் பார்ப்பது கடற்படைக்காரரின் வேலையாகும், விமானப்படைக்காரருடையது அல்ல. கூட்டாட்டத்தில் இரண்டு பேருக்கும் பொதுவான வேலை யாருடைய வேலையும் இல்லை என்பதை இந்த ஆட்டம் போதுமான விலைக்குக் காட்டிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. விமானந்தாங்கிக் கப்பலின் பக்கத்தில் ஒரே ஒரு ஏஏ குரூசரை வைக்கலாம், சேதம் குறைவதற்காக இல்லாவிட்டாலும் எதிரி விமானங்களைத் தேய்ப்பதற்காக என்பது கடற்படைக்காரரின் வாதம். அந்த டாக்யார்டில் இரண்டு டெஸ்ட்ராயர் கட்டு, ஃபைட்டரை நான் தருகிறேன் என்கிறார் விமானப்படைக்காரர். அடுத்த ஆட்டத்தில் ஒரு கப்பல் மட்டும் கட்டி, வீழ்ந்த விமானங்களை மாதாமாதம் குறித்துவைப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.